எல்லையில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பின், துணையைக் காண மீண்டும் புறப்படுவது எப்படி

வெளிநாட்டில் இருக்கும் கணவரையோ மனைவியையோ நிச்சயமானவரையோ பார்க்கப் போய், விமான நிலையத்தைத் தாண்ட விடாமல் திருப்பி அனுப்பப்பட்டு பெங்களூருக்கு வந்து இறங்கியவர்கள், அந்த நாளைப் பற்றி வீட்டில்கூட முழுதாகச் சொல்வதில்லை. அங்கே கையில் கொடுத்த காகிதத்தைப் பையின் அடியில் போட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்து, இந்த முறை எப்படியாவது போய்விட வேண்டும் என்று ஏதாவது ஒரு முகவரிடம் போய் உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முகவர் என்னிடம் வங்கி இருப்பு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. இரண்டாம் பயணத்திற்கான வேலை அந்தக் காகிதத்தை வெளியே எடுத்து, வரி வரியாகப் படிப்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விசா மறுக்கப்படுவதும் எல்லையில் நுழைவு மறுக்கப்படுவதும் ஒன்றல்ல. விசா என்பது வாசல்வரை வர அனுமதி. உள்ளே விடுவதா இல்லையா என்பதை வாசலில் நிற்கும் அதிகாரி தனியாக முடிவு செய்கிறார். நம் ஊரில் இரண்டையும் சேர்த்து ‘ரிஜெக்ட் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் விண்ணப்பப் படிவங்கள் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கின்றன. இரண்டின் விளைவுகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன.

காகிதம் சொல்வது என்ன

அமெரிக்க எல்லையில் நடந்ததென்றால், இரண்டில் எது நடந்தது என்பதைக் கண்டறிவதே எல்லாவற்றையும்விட முக்கியம். நுழைவுக்கான கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதி அனுப்பியிருந்தால், உங்களிடம் ஐ-275 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கும். விசா ரத்தாகியிருக்கும், ஆனால் அதனால் மட்டும் தடைக்காலம் எதுவும் வராது. விரைவு வெளியேற்ற உத்தரவு போட்டு அனுப்பியிருந்தால் ஐ-860 என்ற படிவமும், கேள்வி பதிலாக எழுதிப் பக்கம்தோறும் உங்கள் கையொப்பம் வாங்கிய வாக்குமூலமும் இருக்கும்; முதல் முறையென்றால் அது 5 ஆண்டுத் தடை. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் போக வேண்டுமானால், மீண்டும் விண்ணப்பிக்கச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். இவற்றுக்கும் மேலே, பொய்த் தகவல் தந்து நுழைய முயன்றதாக முடிவு எழுதப்பட்டிருந்தால் தடைக்குக் காலவரையே இல்லை. தற்காலிகப் பயணங்களுக்கு விலக்கு கோரும் வழி சட்டத்தில் உண்டு என்றாலும், அது ஒரு குடிநுழைவு வழக்குரைஞரின் துணையோடு செய்ய வேண்டிய வேலை. ‘விட்டுவிட்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவரின் கையில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் காகிதம் இன்னும் தெளிவாகப் பேசும். நுழைவை மறுக்கும்போது எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே மாதிரியான படிவத்தைத் தர வேண்டும் என்பது அவர்களுடைய எல்லைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் காரணங்கள் அச்சிடப்பட்டிருக்கும். உங்களுக்குப் பொருந்தியதைக் குறித்திருப்பார்கள். ‘இ’ என்றால் வந்த நோக்கத்தையும் தங்கும் ஏற்பாட்டையும் காட்டும் ஆவணங்கள் போதவில்லை என்று பொருள். ‘ஜி’ என்றால் செலவுக்குப் பணம் போதவில்லை. ‘எஃப்’ என்றால் 180 நாட்களில் தங்கக்கூடிய 90 நாட்களை ஏற்கெனவே தங்கித் தீர்த்துவிட்டீர்கள். ‘எச்’ என்றால் உள்ளே விட வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது. முன்பு பாஸ்போர்ட்டிலேயே நுழைவு முத்திரையைக் குத்தி, அதன் மேல் அழியாத கறுப்பு மையில் குறுக்குக் கோடிட்டு, பக்கத்தில் அந்த எழுத்தையும் எழுதுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் மறுப்பும் உங்கள் விவரங்களோடு சேர்ந்து பதிவாகி 3 ஆண்டுகள் இருக்கும். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. ஆனால் மேல்முறையீடு செய்ததால் மட்டும் உங்களை உள்ளே விட்டுவிட மாட்டார்கள், கால வரம்பும் நாட்டுக்கு நாடு வேறு.

பிரிட்டனில் எழுத்து மூலமான அறிவிப்பில் காரணத்தைப் பத்தி பத்தியாக விளக்கியிருப்பார்கள். கையில் இருந்த விசாவும் பெரும்பாலும் அங்கேயே ரத்தாகிவிடும். எல்லையில் மறுக்கப்பட்டது என்ற ஒன்றினாலேயே அங்கே தடைக்காலம் வருவதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ஏமாற்று வேலை செய்ததாக முடிவானால் 10 ஆண்டுகளுக்கு விண்ணப்பங்கள் மறுக்கப்படும். ஆகவே அந்த அறிவிப்பில் ‘ஐயம்’ என்று எழுதியிருக்கிறதா, ‘பொய்’ என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கவனமாகப் பாருங்கள். இரண்டாவது சொல் இருந்தால், அதைத் தீர்க்காமல் எந்தக் கட்டணத்தையும் கட்ட வேண்டாம்.

காகிதம் தொலைந்துவிட்டதென்றாலோ, விசாரணையில் உங்கள் வாயிலிருந்து வந்ததாக என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லையென்றாலோ, அதைக் கேட்டு வாங்க முடியும். பிரிட்டன் உள்துறையிடம் உங்களைப் பற்றிய பதிவுகளைக் கட்டணமின்றிக் கோரலாம். பொதுவாக ஒரு மாதத்திற்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையிடம் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இணையத்திலேயே கேட்கலாம். ஷெங்கன் எச்சரிக்கைப் பதிவில் பெயர் இருக்கிறதா என்பதை எந்த உறுப்பு நாட்டிடமும் கேட்கும் உரிமை உண்டு. வரும் பதிவில், நீங்கள் சொன்னதாக நினைவில் இருப்பதற்கும் அதிகாரி எழுதியிருப்பதற்கும் இடைவெளி இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். அடுத்த அதிகாரி படிக்கப்போவது உங்கள் நினைவை அன்று, அந்தப் பதிவைத்தான். எனவே உங்கள் புதிய விண்ணப்பம் அந்தப் பதிவுக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும்.

என் விஷயத்தில் அந்தப் பதிவு ஒன்றரைப் பக்கம் இருந்தது. எனக்கு நிச்சயமான பெண் நான் போன நாட்டில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எதற்கு வந்தீர்கள் என்றதற்கு ‘சுற்றிப் பார்க்க’ என்றேன். யார் வீட்டில் தங்குவீர்கள் என்றதற்கு ‘ஒரு தோழி வீட்டில்’ என்றேன். காதலி, வருங்கால மனைவி என்றெல்லாம் சொன்னால் திரும்பிப் போகமாட்டான் என்று நினைத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதிகாரி அவளுக்குத் தொலைபேசியில் பேசினார். அவள் உள்ளதை உள்ளபடி, ‘எங்களுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது’ என்றாள். அதன் பிறகு பையைத் திறந்தார்கள். அதில் என் பட்டச் சான்றிதழ்களின் அசல்களும் வேலை விண்ணப்பத்திற்கான தன்விவரக் குறிப்பின் நான்கு படிகளும் இருந்தன. போகிற இடத்தில் யாரிடமாவது காட்டி வைக்கலாமே என்று, பெரிதாக ஒன்றும் யோசிக்காமல் அப்பா எடுத்து வைத்தது. ஒன்றை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பார் என்ற கேள்விக்கு அந்த நான்கு படிகளே பதிலாகிவிட்டன. அன்று என்னைக் கெடுத்தது நிச்சயதார்த்தம் அல்ல, அதை மறைத்ததுதான் என்பதை அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

போக வேண்டியது இந்த விசாவில்தானா

மீண்டும் விண்ணப்பிக்கும் முன், உங்கள் உண்மையான நோக்கம் பார்த்துவிட்டு வருவதா, சேர்ந்து வாழ்வதா என்பதை இருவரும் பேசித் தீர்மானியுங்கள். சேர்ந்து வாழ்வதுதான் என்றால் சுற்றுலா விசா தவறான கதவு, அதை எவ்வளவு தட்டினாலும் திறக்காது. ஜெர்மனியில் இருப்பவரின் மனைவியோ கணவரோ குடும்ப இணைவு விசாவுக்குச் செல்ல வேண்டும். அதற்கு ஏ-1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படும். இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டிலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் வார இறுதிகளில் அந்த வகுப்புக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் அதற்காக வருபவர்கள்தான். துணைவர் உயர்தகுதிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய நீல அட்டையில் வேலை செய்பவராக இருந்தால் அந்த மொழி நிபந்தனை இல்லை. குடும்ப விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே சுற்றுலா விசாவும் கேட்பது, ‘காத்திருக்க முடியாமல் வருகிறார், திரும்ப மாட்டார்’ என்ற எண்ணத்தை உண்டாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. 2024 ஜனவரி 1 முதல் அங்கே படிப்பைத் தொடங்கிய வெளிநாட்டு மாணவர்கள், ஆராய்ச்சிப் பட்டம் முதலிய சில படிப்புகளைத் தவிர, கணவரையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர் விசா பெற்றவர்களுக்கும் அந்தக் கதவு மூடப்பட்டது. ஆகவே சட்டப்படி திருமணமானவர்களுக்குக்கூட, பார்த்துவிட்டு வரும் விசாதான் ஒரே வழியாக இருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அங்கே போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், சாதாரணப் பார்வையாளர் விசாவில் அது கூடாது. திருமணத்திற்கென்று தனிப் பார்வையாளர் விசா இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைச் சொல்ல முகவர்களுக்கு லாபமில்லை. தடைக்காலம் முடியவில்லை, அல்லது பதிவுகள் இன்னும் வரவில்லை என்றால், அவரை இங்கே வரச் சொல்லுங்கள். அல்லது இருவரும் வேறு நாட்டில் சந்தியுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசாவே வேண்டாம். இருவருமே இந்தியர் என்றால் காத்மாண்டுவில் பத்து நாட்கள் சேர்ந்திருப்பதற்கு விடுப்பும் டிக்கெட்டும் போதும். நாங்கள் அப்படி ஒருமுறை சந்தித்தோம். அந்தப் பத்து நாட்களில்தான் அடுத்த விண்ணப்பத்தையும் அவசரப்படாமல் சேர்ந்து எழுதினோம்.

விண்ணப்பம்

எல்லாப் படிவங்களிலும் முந்தைய மறுப்பைப் பற்றிய கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருக்கும். அமெரிக்காவின் டிஎஸ்-160 படிவம், விசா மறுக்கப்பட்டதுண்டா, நுழைவு மறுக்கப்பட்டதுண்டா, நுழைவுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதுண்டா என்று மூன்றையும் ஒரே கேள்வியில் கேட்கிறது. பிரிட்டன் படிவம், எந்த நாட்டிலாவது அப்படி நடந்ததுண்டா என்று கேட்கிறது. ‘அது வேறு நாடு, இவர்களுக்கு எப்படித் தெரியும்’ என்று முகவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிநுழைவுத் தகவல்களையும் கைரேகைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டில் இருப்பவை. பாஸ்போர்ட்டைத் ‘தொலைத்துவிட்டு’ப் புதிது எடுத்தால் முத்திரை மறைந்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெறுவது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அது போக, விரல்கள் புதிதாக முளைப்பதில்லை. முன்பு மன்னிக்கத்தக்க மறுப்பாக இருந்தது, மறைத்ததால் பத்தாண்டுத் தடையாக மாறும்.

‘ஆம்’ என்று குறித்தபின் கீழேயுள்ள கட்டத்தில் எழுத இடம் குறைவாக இருக்கும். அதனால் ஒரு பக்க விளக்கக் கடிதத்தைத் தனியாக இணைப்பது நல்லது. அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: எந்த நாளில் எந்த விமான நிலையத்தில் நடந்தது, அறிவிப்பில் என்ன காரணம் எழுதப்பட்டது, அதே சொற்களில், அந்தக் காரணம் ஏன் எழுந்தது என்பதில் உங்கள் பங்கு என்ன, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது. நான் எழுதியதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘நான் பார்க்க வந்தவர் எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் என்பதை அதிகாரியிடம் கூறவில்லை. கூறினால் அனுமதி கிடைக்காது என்று எண்ணியது என் தவறு. பையில் இருந்த சான்றிதழ்களை வேலை தேடும் நோக்கத்தோடு எடுத்துச் செல்லவில்லை, ஆயினும் அவற்றை எடுத்துச் சென்றது அந்த எண்ணத்தை உண்டாக்கியது என்பதை ஏற்கிறேன். இம்முறை 12 நாட்கள் தங்குவேன். 18ஆம் தேதி பணிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கான நிறுவனக் கடிதத்தை இணைத்துள்ளேன்.’ அதிகாரி கடுமையாகப் பேசினார், பசியோடு உட்கார வைத்தார் என்பவற்றை நான் முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவை உண்மையே, ஆனால் விசா கொடுக்கலாமா என்று பார்ப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அந்தப் புகாருக்கு வேறு முகவரி உண்டு.

மாற்றம் எதுவும் இல்லையென்றால் கடிதம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் விளைவு மாறாது. பிரிட்டனுக்கோ ஷெங்கன் நாடுகளுக்கோ வெறும் நுழைவு மறுப்புக்குப் பின் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. மறுநாளே விண்ணப்பிக்கலாம், மறுநாளே மறுப்பும் கிடைக்கலாம். என் கருத்தில், ஒரு வருமான வரித் தாக்கல் புதிதாகச் சேரும்வரை, அல்லது இருக்கும் வேலையில் ஓராண்டு நிறையும்வரை காத்திருப்பது நல்லது. ஜெர்மன் விசாவுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். மறுப்புக் கடிதத்தை எதிர்த்துத் தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிய விண்ணப்பம், இல்லையேல் நீதிமன்றம்.

எந்த நாடானாலும் அதிகாரியின் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இவர் திரும்பிப் போவாரா? அமெரிக்கச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் 214(பி) பிரிவின்படி, இல்லையென்று நீங்கள் நிறுவும்வரை நீங்கள் அங்கேயே குடியேற வந்தவராகத்தான் கருதப்படுவீர்கள். உங்களுக்கிடையே உள்ள அன்பை எவ்வளவு நிறுவினாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. சில நேரம் எதிராகவும் போகும். ஆகவே உறவுக்கான சான்றுகளை அளவாகவும், பெங்களூர் வாழ்க்கைக்கான சான்றுகளைக் கனமாகவும் வையுங்கள். நிச்சயதார்த்தப் புகைப்படம் இரண்டு, சந்தித்த பயணங்களின் டிக்கெட்டுகள், அவருடைய கடிதம் ஆகியவை போதும். இருநூறு பக்க வாட்ஸ்அப் உரையாடலை அச்சிட்டுக் கொண்டுபோனவரை நான் அறிவேன், அதை யாரும் புரட்டவில்லை.

பெங்களூர் பக்கச் சான்றுகளில் முதலிடம் நிறுவனத்தின் விடுப்புக் கடிதத்திற்கு. பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு தொடங்கும் நாள், பணிக்குத் திரும்ப வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும்; மனிதவளப் பிரிவு வழக்கமாகத் தரும் இரண்டு வரிச் சான்று போதாது. அதோடு ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வருமான வரித் தாக்கல் ஒப்புகை, வருங்கால வைப்பு நிதிப் புத்தகம். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்திற்கு முந்தைய வாரம் மாமா அனுப்பிய மூன்று லட்சம் திடீரென்று வந்து உட்கார்ந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். இல்லையென்றால் அது இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். வாடகை ஒப்பந்தத்தையும் வையுங்கள், ஆனால் 11 மாத ஒப்பந்தம் என்றால் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கட்டியவன் வீட்டைப் போட்டுவிட்டு ஓடமாட்டான் என்பது அல்சூர் வீட்டுக்காரருக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது. எனவே அந்தத் தொகையை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். நம்மில் பலருக்கு வீட்டு ஆவணங்கள் கன்னடத்திலும், பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் தமிழிலும் இருக்கும். இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் பெயரும் கையொப்பமும் தேதியும் இட்டு இணைக்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் இன்னொன்றில் விரிந்து பின்னும் வருவது தமிழர்களுக்கே உரிய தொல்லை; அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம் எடுத்து வைப்பது பின்னால் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

துணைவர் தரும் கடிதத்தில் அவருடைய விசா நிலை, முகவரி, வீட்டில் நீங்கள் தங்க வீட்டு உரிமையாளரின் ஒப்புதல், செலவை யார் ஏற்பது ஆகியவை இருக்கட்டும். ஜெர்மனியில் இருப்பவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்ற முறையான உறுதிமொழி பெற்று அனுப்பலாம். பிரான்சில் நகராட்சியில் விருந்தோம்பல் சான்று வாங்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 90 யூரோ. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். விசா வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்க வேண்டாம். பிரிட்டனுக்கும் பெரும்பாலான ஷெங்கன் நாடுகளுக்கும் பெங்களூரிலேயே விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுத்துவிடலாம்; அமெரிக்க விசாவுக்குப் பெங்களூர்க்காரர்கள் வழக்கமாகப் போவது சென்னை அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்துக்கு. அங்கே நேர்காணலைத் தமிழிலும் சந்திக்கலாம். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலம் பேசுபவருக்கும் பதற்றத்தில் ‘தோழி’ என்றும் ‘துணைவி’ என்றும் சொல் தடுமாறும். எந்த மொழியில் உண்மை தடையின்றி வருமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தங்கும் நாட்களைப் பற்றி என் உறுதியான கருத்து: மறுப்புக்குப் பிந்தைய முதல் பயணம் இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டாம். ஆறு மாதம் தங்க அனுமதிக்கும் விசாவில் ஆறு மாதமும் தங்கலாம் என்பது சட்டம். ஆனால் பெங்களூரில் வேலையுள்ள ஒருவருக்கு மூன்று மாத விடுப்பு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பார்கள். ‘அங்கிருந்தே லேப்டாப்பில் வேலை செய்வேன்’ என்பது அதற்குப் பதிலல்ல. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பயணத்தின் முதன்மை நோக்கமாக இல்லாதவரை, சொந்த நாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்ய அனுமதிக்கிறது. வேறு பல நாடுகளில் அதே வாக்கியம் உங்களைக் கூடுதல் விசாரணைக்கான தனி அறைக்கு அனுப்பிவிடக்கூடும். விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.

பயண நாளில்

சான்றுகளின் படிகளைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பையில் போட்டால் எல்லை அதிகாரி உட்காரும் கூண்டில் அவை பயன்படாது. பட்டச் சான்றிதழ்களின் அசல்கள், தன்விவரக் குறிப்பு, வேலை தொடர்பான அட்டைகள் வீட்டிலேயே இருக்கட்டும். அம்மா கட்டிக் கொடுக்கும் சாம்பார்ப் பொடி, ஊறுகாய் மூட்டை ஆறு மாதக் குடித்தனத்துக்கானதுபோல் தோன்றினால் அதுவும் ஒரு சான்றுதான், உங்களுக்கு எதிரான சான்று. ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் நம் நாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் நெய்ப் புட்டியையும் எடுத்து வைத்துவிடுங்கள். கைப்பேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்கு உண்டு. ‘அங்கே வந்ததும் வேலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விளையாட்டாக எழுதிய செய்திகூட விளையாட்டாகப் படிக்கப்படாது. அழித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஓர் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இறங்கும் நேரத்தில் துணைவர் தொலைபேசியை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். இருவரும் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எத்தனை நாள், எந்த முகவரி, யார் செலவு, எப்போது திருமணம் என்ற நான்கும் இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். வகுப்பிலோ பணியிலோ இருந்து எடுக்க முடியாத நாளில் பயணத்தை வைக்காதீர்கள்.

கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆனால் முதல் வாக்கியத்திலேயே உறவைச் சொல்லிவிடுங்கள். ‘எனக்கு நிச்சயமானவரைப் பார்க்க வந்தேன், பன்னிரண்டு நாள் தங்குகிறேன், இன்ன ஆண்டு இன்ன நாளில் இங்கே எனக்கு நுழைவு மறுக்கப்பட்டது, அதை விசா விண்ணப்பத்தில் தெரிவித்திருக்கிறேன்’ என்று நானே சொன்னேன். எப்படியும் அவர் திரையில் அது இருந்தது. தனி அறைக்கு அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்பு மறுக்கப்பட்டவருக்கு அது இயல்பாக நடப்பது, அதைக் கண்டு கலங்க வேண்டாம். இணைப்பு விமானம் இருந்தால் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுப் பதிவு செய்யுங்கள்.

அங்கே மீண்டும் சிக்கல் வந்தால், புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து, நீங்கள் சொல்லாதது இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அமெரிக்க எல்லையில், வெளியேற்ற உத்தரவுக்குப் பதிலாகக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு கேட்கலாம்; அது உரிமை அல்ல, அதிகாரியின் விருப்பம், ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்க வாய்ப்பு குறைவு. தடுத்து வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரக் கோரும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தருவது. எது நடந்தாலும், கொடுக்கும் காகிதங்களின் ஒரு படியை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

உள்ளே விட்டுவிட்டால், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே திரும்புங்கள். திரும்பும் விமானத்தின் ஏறுகைச் சீட்டையும், கெம்பேகௌடா விமான நிலையத்தில் இட்ட வருகை முத்திரையின் நகலையும், மறுநாள் வேலைக்குப் போன மாதத்தின் சம்பளச் சீட்டையும் பழைய மறுப்புக் காகிதம் இருக்கும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பழைய கேள்விக்கு மறுபடியும் ‘ஆம்’ என்றுதான் குறிக்க வேண்டியிருக்கும். அதன் கீழே எழுத அப்போது இந்த மூன்று காகிதங்கள் இருக்கும்.